குரங்குக்கு ஒரு செத்தவீடு

என் வாழ்க்கையில் நான் இழந்தவற்றை எல்லாம் யோசித்துப் பார்த்தால், ஒரேயொரு இழப்புக்கு மட்டும்தான் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அது ஒரு குரங்கு. உயிருள்ள குரங்கல்ல, கணினிக்குள் நான் வருடக் கணக்காக வரைந்து வளர்த்த குரங்கு. கண்டியில் ஒரு சித்திரை மாதத்துப் பின்னேரம் இடி விழுந்து அது செத்துப் போனது. மற்றவை எல்லாவற்றையும் மனிதர்கள்தான் கொண்டு போனார்கள்.

பகலில் நான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படவரைஞனாக இருந்தேன். எந்தத் தெருவின் கீழே எந்தத் தண்ணீர்க்குழாய் போகிறது என்று வரைவது வேலை. நாள் முழுக்க அடிமட்டம் வைத்து நேர்கோடு இழுத்தவனுக்கு, வீட்டுக்கு வந்ததும் எதையாவது கோணல்மாணலாக வரைய வேண்டும் என்று கை துறுதுறுக்கும். எங்கள் வீடு உடவத்தகெலே காட்டை ஒட்டிய சரிவில், ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் இருந்தது. காட்டுக் குரங்குகளுக்கு எங்கள் ஒழுங்கை ஒரு சாப்பாட்டுக்கடை மாதிரி. கூரை ஓட்டை நகர்த்திவிட்டு இறங்கி, குசினியில் இருக்கும் வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு, போகும்போது திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுத்தான் போகும். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது. கனடாவுக்குப் போன சிநேகிதன் ஒருவன் தன் பழைய கணினியை என்னிடம் விட்டுப் போனபோது, அந்தத் திமிரை வைத்து ஒரு கார்ட்டூன் படம் செய்வது என்று முடிவெடுத்தேன்.

கார்ட்டூன் படம் என்றதும் பெரிதாக ஏதும் நினைத்துவிட வேண்டாம். மவுஸைப் பிடித்து ஒவ்வொரு படமாக வரைய வேண்டும். குரங்கு வாலை ஒருமுறை சுழற்றுவதற்கு ஒரு கிழமை போகும். மதில் ஒன்றைத் தாண்டுவதற்கு ஒரு மழைக்காலமே போனது. "உங்கட குரங்கு இன்னும் அந்த மதிலைத் தாண்டேல்லையோ?" என்று மனைவி குசினியிலிருந்து கேட்பாள். கதை சின்னக் கதைதான். ஒரு குரங்கு ஒரு வீட்டில் பப்பாசிப்பழம் திருடுகிறது. வீட்டுக்காரி விளக்குமாற்றோடு துரத்துகிறாள். குரங்கு பஸ் கூரையில் ஏறி, குளத்தைச் சுற்றி, பேராதனையில் ரயில் பிடித்து ஓடுகிறது. விளக்குமாறும் பின்னாலேயே வருகிறது. படத்தில் பேச்சே கிடையாது. வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தேன். குரங்கு எந்த மொழியில் பேச வேண்டும் என்று கேள்வி வந்தால் அதற்கும் ஒரு பிரச்சினை கிளம்பும், நாட்டில் இருக்கிறது போதும் என்று விட்டுவிட்டேன்.

விளக்குமாற்றோடு துரத்தும் அந்த அம்மா, பக்கத்து வீட்டு அக்கே. சிங்களவர், பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்து ஓய்வு பெற்றவர், விதவை. நாங்கள் அவரை அக்கே என்போம், அவர் என்னை மல்லி, அதாவது தம்பி என்றும், மனைவியை நங்கி, தங்கச்சி என்றும் கூப்பிடுவார். கணினி இருந்த மேசை, அவர் வளவைப் பார்த்த யன்னலோரம் இருந்தது. ஒருநாள் உடுப்புக் காயப்போட வந்தவர் யன்னல் கம்பி வழியாகத் திரையைப் பார்த்துவிட்டார். பூப்போட்ட ஹவுஸ்கோட்டைக் கண்டதும் பிடிபட்டுவிட்டது. நான் பயந்து போனேன். அவரோ சிரித்துச் சிரித்து, உடுப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மல்லி, நான் இவ்வளவு மெதுவாகவா ஓடுகிறேன்?" என்றார். சிங்களத்தில்தான் கேட்டார், அவர் பேச்சை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். "விளக்குமாறும் கட்டையாக இருக்கிறது. என்னுடையது நீளம்."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அவர் யன்னலுக்கு வெளியே வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் கிழமை வரைந்ததை நான் ஓட்டிக் காட்டுவேன். குரங்கு தப்பும் ஒவ்வொரு தடவையும் "ஐயோ!" என்று கம்பியில் அடிப்பார். படத்தை முதலிலிருந்து கடைசி வரை பார்த்த ஒரே ரசிகை அவர்தான். மனைவிகூடப் பாதியில் எழுந்து போய்விடுவாள், குறை சொல்ல முடியாது, அவளுக்கு அடுப்பில் வேலை.

"உள்ளே வாருங்கோ அக்கே, கதிரையில் இருந்து பாருங்கோ" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறோம். "இங்கே நல்ல காற்று" என்பார். மழை தூறினால் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே மட்டும் வரமாட்டார். ஏன் என்று எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் இதே ஒழுங்கைக்குள்தான் கூட்டம் வந்தது. நானும் மனைவியும் பின்கதவால் இறங்கிக் காட்டுக்குள் ஏறிவிட்டோம். குரங்குகள் எங்களைப் பார்த்துக் கத்தாமல் விலகி இடம் விட்டன, அதை நான் மறக்கவில்லை. வீட்டின் முன்பாதி எரிந்தது. கலியாணப் படங்கள், அலுமாரி, நான் வரைந்து வைத்திருந்த தாள்கள் எல்லாம் சாம்பல். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அகதிகளாகக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, வீட்டுச் சொந்தக்காரர் கூரை போட்டு, மறுபடியும் எங்களுக்கே வாடகைக்குத் தந்தார். நல்ல மனிதர். ஒழுங்கையில் ஒருவரும் வந்து என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டால் யார் செய்தது என்ற கதை வரும், அந்தக் கதைக்கு யாரும் தயாராக இல்லை. அக்கே மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "தண்ணீர் இப்போது காலையில் மட்டும்தான் வருகிறது மல்லி, பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நடந்த பிறகு இவர் எனக்குத் தண்ணீர் நேரம் சொல்கிறாரே என்று.

அதற்கு முன் அக்கே எங்கள் வீட்டுக்குள் தாராளமாக வந்து போனவர். வருடப் பிறப்புக்குக் கொக்கிஸும் பலகாரமும் தட்டில் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். பிறகு அந்தத் தட்டு மதிலுக்கு மேலால் வரத் தொடங்கியது. பலகாரம் குறையவில்லை, ஆள்தான் வரவில்லை. நானும் பிடிவாதக்காரன், கொஞ்சக் காலம் அந்தத் தட்டை மனைவியைக்கொண்டுதான் வாங்குவித்தேன். குரங்குப் படம் வந்த பிறகுதான் அவரும் நானும் ஒழுங்காகச் சிரித்துப் பேச ஒரு சாட்டு கிடைத்தது. இப்படியாக அந்தப் படம் எனக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல என்றாகிவிட்டது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரே வாசல் அந்தத் திரைதான்.

அவ்வளவு அருமையான படத்துக்கு ஏன் இன்னொரு பிரதி வைக்கவில்லை என்று கேட்பீர்கள். வைக்கத்தான் பார்த்தேன். அந்தக் காலத்தில் புளொப்பி டிஸ்க்தான் இருந்தது. கந்தோர்க் கணினியில் ஒரு பிரதி போட்டு வைக்கலாம் என்று சிலவற்றைப் பையில் கொண்டு போனேன். டவுன் முழுக்கச் சோதனைச் சாவடிகள். ஆமிக்காரப் பையன் அடையாள அட்டையில் என் பிறந்த இடத்தைப் படித்தான், பிறகு டிஸ்க்குகளைப் புரட்டிப் பார்த்தான். உள்ளே என்ன என்று கேட்டான். "ஒரு குரங்கு" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் சோதனைச் சாவடியில் சொல்லக்கூடிய உண்மை அல்ல அது. மத்தியானம் வரை ஒரு மரவாங்கில் இருத்தி வைத்தார்கள். கடைசியில் ஒரு பெரிய அதிகாரி எங்கோ கணினி தேடிப் போட்டுப் பார்த்து, சிரித்துக்கொண்டே அனுப்பினார். அன்றிலிருந்து மனைவி, "சோத்துப் பார்சலைத் தவிர ஒண்டும் கொண்டுபோகப் படாது" என்று சொல்லிவிட்டாள். வீட்டில் அலுமாரிக்குள் வைத்த டிஸ்க்குகளைக் கண்டியின் ஈரம் பூஞ்சணம் பிடிக்க வைத்துவிட்டது. ஆக, குரங்குக்கு அந்தக் கணினியை விட்டால் வேறு வீடில்லை.

இடியைப் பற்றியும் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. சித்திரையில் கண்டியில் பின்னேரமானால் மலைக்கு மேலே உறுமத் தொடங்கிவிடும். முதல் உறுமலுக்கே நான் எழுந்து டீவி, ரேடியோ, கணினி என்று ஒவ்வொரு பிளக்காகக் கழட்டுவேன். ரெலிபோனை மட்டும் தொடமாட்டேன். தொட விடமாட்டாள். மனைவியின் தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தில். சண்டையால் அங்கே ரெலிபோன் இல்லை, பாதை இல்லை. அவர்களுடைய சேதி எப்படியோ கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ரொறொன்ரோவில் இருக்கும் அவள் தங்கைக்குப் போய், அவள் அங்கிருந்து எங்களுக்கு எடுத்துச் சொன்னால்தான் உண்டு. இருநூறு மைல் தள்ளியிருப்பவனுக்கும் கனடா வழியாகச் சேதி வந்த காலம் அது. எந்த நேரம் மணி அடிக்கும் என்று தெரியாது. "இடி விழுந்தாலும் பரவாயில்லை, போனைக் கழட்டாதேங்கோ" என்பாள். மின்னஞ்சல் பார்ப்பதற்காக அந்த ரெலிபோன் கம்பியைக் கணினியின் முதுகில் நான்தான் கொழுவியிருந்தேன். சுவர் பிளக்கைக் கழட்டிவிட்டால் கணினி தப்பிவிட்டது என்று இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று வியாழக்கிழமை. கந்தோர் விட்டு வந்து உடுப்பு மாற்றுவதற்குள் வானம் இருண்டுவிட்டது. வழக்கம்போல எல்லாவற்றையும் கழட்டினேன். ரெலிபோன் மணி அடித்தது. மனைவி குசினியிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள். நான் சொல்வது பொய்யில்லை, அவள் கைக்கும் ரிசீவருக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்போது வீடே வெள்ளையாகிவிட்டது. சத்தம் பிறகுதான் வந்தது. அடுத்ததாக எனக்குத் தெரிந்தது றப்பர் எரிந்த மணம்.

அவளுக்கு ஒன்றுமில்லை. சுவரோடு சாய்ந்து நின்றாள். ரெலிபோன் செத்துவிட்டது. கணினியின் முதுகிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை வந்தது. அதைப் பார்த்ததும் அவள் அழத் தொடங்கினாள்.

"நான்தானே போனைக் கழட்ட வேண்டாமெண்டு சொன்னனான்."

"நீர் ஏன் அழுகிறீர்? உமக்கு ஏதும் நடந்திருந்தால் நான் குரங்கை வைச்சு என்ன செய்யிறது?" என்றேன். மனமாரத்தான் சொன்னேன். ஆனால் சொல்லி முடித்ததும் என் கண் அந்தப் புகையைத்தான் தேடிப் போனது.

வெள்ளிக்கிழமை கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டு, அக்குறணையில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த நண்பரைக் கூட்டி வந்தேன். அவர் மூடியைக் கழட்டி உள்ளே பார்த்ததும், முஸ்லிம்கள் சாவுச் சேதி கேட்டால் சொல்லும் வாசகத்தை வாய்க்குள் முணுமுணுத்தார். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"சேர், போர்டும் எரிஞ்சி, டிஸ்க்கும் மௌத்தாகிட்டு. வேற டிஸ்க் ஒண்டு தேடித் தாரேன். உள்ளுக்க இருந்தத ஆராலயும் தர ஏலாது." போகும்போது வாசலில் நின்று மனைவியைப் பார்த்தார். "ஊட்டுக்கு வந்த முசீபத்த இந்தப் பெட்டி வாங்கிக்கிட்டு. அப்பிடி நெனச்சிக்கோங்க சேர்."

எங்களுக்கு வரவிருந்த கேட்டைப் பெட்டி தாங்கிக்கொண்டது என்று அவர் சொன்னது எனக்கு விளங்கியது. மனைவி கணினியின் மேல் ஒரு வெள்ளைத் துவாயை விரித்து மூடினாள். தூசு படாமல் இருக்கத்தான் மூடினாள். பார்ப்பதற்குத்தான் வேறு மாதிரி இருந்தது.

அதற்குள் சேதி ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். முன் வீட்டுச் சிங்களப் பெரியவர் வந்து வானத்தைத் திட்டினார். பால் ஊற்றுகிறவர் உள்ளே எட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். கலஹாவிலிருந்து எங்கள் கந்தோருக்கு வேலைக்கு வரும் நண்பர் தேத்தண்ணி நேரத்தில் மேடேறி ஓடி வந்து, "என்னங்க சார், போயும் போயும் நம்ம கொரங்கயா பாத்து இடி விழுகணும்? நாசமாப் போன நீர்க்குழாய் படத்துல விழுந்திருக்கக் கூடாதா?" என்றார். நான் சிரித்துவிட்டேன்.

அவர்கள் போன பிறகு ஒன்று எனக்கு உறைத்தது. வீடு எரிந்தபோது யாரும் வரவில்லை. ஒரு பெட்டி எரிந்ததற்கு ஊரே வருகிறது. அவர்கள் கெட்டவர்கள் என்பதற்காக அல்ல. இடிக்கு இனம் கிடையாது, இந்த இழப்புக்கு அனுதாபம் சொல்ல யாருக்கும் வெட்கமுமில்லை, பயமுமில்லை. இவ்வளவு காலமும் இந்த மனிதர்களுக்குத் துக்கம் விசாரிக்க ஒரு நல்ல இழப்பு கிடைக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் வாசலில் செருப்புக் கழட்டும் சத்தம் கேட்டது. அக்கே. யன்னலில் அல்ல, வாசலில். பூப்போட்ட ஹவுஸ்கோட் இல்லை, வெள்ளைச் சேலை. கையில் துணியால் கட்டிய பெரிய தட்டு. எங்களைக் கேட்காமலே படியேறி உள்ளே வந்து, முன் அறை மேசையில் தட்டை வைத்தார். மனைவி கதிரையை இழுத்துப் போடக்கூட மறந்து நின்றாள். துணியை அவிழ்த்தபோது சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, பொலஸ் என்கிற பிஞ்சுப் பலாக்காய்க் கறி.

மனைவியின் முகம் மாறிவிட்டது. என்னைக் குசினிப் பக்கம் இழுத்தாள்.

"இஞ்சாருங்கோ, சோறு, பருப்பு, பூசணிக்காய். இது அவையளின்ர செத்தவீட்டுச் சாப்பாடெல்லோ! உயிரோட ஆக்கள் இருக்கிற வீட்டுக்கு உதைக் கொண்டு வரலாமோ?"

அவள் சொன்னது சரி. ஒழுங்கையில் சிங்கள வீடொன்றில் சாவு நடந்தால், அடுப்பு மூட்டாத அந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் இந்தச் சாப்பாட்டைத்தான் சமைத்துக் கொண்டு போவார்கள். கூடக் கருவாட்டுக் குழம்பும் இருக்கும். இது ஒரு பகிடி என்று நான் நினைத்தேன், குரங்குக்குச் செத்தவீடு கொண்டாடுகிறார் என்று. ஆனால் அக்கே சிரிக்கவில்லை. தமிழ் விளங்காவிட்டாலும் மனைவியின் முகம் அவருக்கு விளங்கியிருந்தது.

"பிழையாக நினைக்காதே நங்கி. கருவாடு வைக்கவில்லை, இன்று வெள்ளிக்கிழமை, நீங்கள் மச்சம் சாப்பிடமாட்டீர்கள்" என்றார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "இது கம்பியூட்டருக்கு இல்லை."

"அன்றைக்கும் சமைத்தேன், மல்லி. உங்கள் வீடு எரிந்த அடுத்த நாள். இதே சாப்பாடு. எந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று யாரிடமும் கேட்கப் பயமாக இருந்தது. ஏன் கேட்கிறாய் என்று கேட்பார்களே. பின்னேரம் வரை மூடி வைத்திருந்துவிட்டு நாய்க்குப் போட்டேன். நீங்கள் திரும்பி வந்த பிறகு எந்த முகத்தோடு இந்தப் படியில் ஏறுவது? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் யன்னலடியில் நின்று யோசிப்பேன்." துவாய் போட்ட கணினியைப் பார்த்தார். "நேற்று இடி விழுந்ததும் நினைத்தேன். இதற்கு என்னால் வரலாம் என்று."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சும்மா கண் கலங்கவில்லை, மூக்கு வழிய அழுதேன். வீடு எரிந்தபோதுகூட நான் அழுதவனில்லை. காட்டிலிருந்து பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றவன். அந்தத் தண்ணீர் நேரத்தை அவர் ஏன் சொன்னார் என்று இப்போது விளங்கியது. அன்று அவரால் மதிலுக்கு மேலால் தரக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

மனைவி போய் மூன்று பீங்கான் எடுத்து வந்தாள். "இருங்கோ அக்கே" என்று தமிழிலேயே சொன்னாள். மூன்று பேரும் அந்த முன் அறையில் இருந்து சாப்பிட்டோம். பூசணிக்காய்க் கறி அருமையாக இருந்தது. நல்ல பசி வேறு, வியாழக்கிழமை இரவிலிருந்து நாங்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

சாப்பிட்டு முடிய அக்கே துவாயின் ஒரு மூலையை உயர்த்தி, செத்தவரின் முகம் பார்ப்பது போல அந்தத் திரையைப் பார்த்தார். "எவ்வளவு நல்ல குரங்கு" என்றார். பிறகு அவராகவே படத்தைச் சொல்லத் தொடங்கினார். பப்பாசியிலிருந்து ஆரம்பித்தார். மதில், பஸ் கூரை, குளத்தைச் சுற்றிய ஓட்டம், ஒன்றும் விடவில்லை. நான் மறந்து போயிருந்த ஒரு காகத்தைக்கூட அவர் ஞாபகம் வைத்திருந்தார். ஓரிடத்தில் எழுந்து, இல்லாத விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு அறைக்குள் ஒரு சுற்று ஓடியும் காட்டினார். மெதுவாகத்தான் ஓடினார், நான் வரைந்தது சரி. பேராதனை ரயில் நிலையம் வந்ததும் விளக்குமாற்றை ஓங்கி ஒரு போடு போட்டார்.

"இல்லை அக்கே, அங்கே அது தப்பிவிடும்" என்றேன்.

"உன் படத்தில் தப்பும். இனி இது என் படம்" என்றார்.

சிரித்துச் சிரித்து மனைவிக்குப் புரையேறிவிட்டது. அந்த இடிக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். யாரும் கேட்காமல் வந்து, ஆளைத் தொடாமல், ஒரு பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, இத்தனை வருடமாகப் பூட்டிக் கிடந்த ஒன்றைத் திறந்துவிட்டுப் போனது. பின்னேரம் மனைவி அக்கேயின் தட்டைக் கழுவி, அதில் சீனி நிறைத்துத் திருப்பிக் கொடுத்தாள். செத்தவீட்டுத் தட்டுக்குச் சீனி போடலாமா என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டுச் சம்பிரதாயத்துக்கு அவள்தான் அதிகாரி.

அடுத்த கிழமை ரெலிபோனைத் திருத்தினார்கள். முதல் மணி ரொறொன்ரோவிலிருந்துதான். அங்கே எல்லோரும் சுகம், ஊரிலும் சுகம் என்று சேதி வந்தது. "இஞ்சயும் ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. குரங்கு மட்டும்தான் செத்தது" என்று மனைவி சொல்வது கேட்டது. அந்தப் பக்கம் என்ன விளங்கியதோ தெரியாது.

பிறகு அக்குறணை நண்பர் தந்த டிஸ்க்கைப் போட்டு இன்னொரு குரங்குப் படம் வரைந்தேன். முதல் படம் மாதிரி அது வரவில்லை, அக்கேயும் அதை முகத்துக்கு நேரேயே சொன்னார். இப்போது அவர் கணினிக்குப் பக்கத்தில், கதிரையில் இருந்துகொண்டு சொன்னார். அந்த யன்னலை நாங்கள் பூட்டிவிட்டோம். திறந்து வைத்தால் இனி அதால் வரக்கூடியவை குரங்குகள் மட்டும்தான்.